அடுப்பு எரியாத நாளிலும் வந்த அனல்

சத்துணவுக் கூடத்துக்குப் புதிதாகச் சமைக்க வந்திருக்கிற பெண்களுக்கு இதைச் சொல்கிறேன். அரிசி களைவது, பருப்பு வேகவைப்பது, முட்டையை உடையாமல் அவிப்பது எல்லாம் பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள். சொல்லாவிட்டாலும் கொஞ்ச நாளில் கை தானாகப் பழகிக்கொள்ளும். அடுப்பு முன்னால் நிற்கிற உங்கள் உடம்பைப் பற்றி மட்டும் ஒருத்தரும் சொல்லமாட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறாததால்தான் இதைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஏழாவதோடு படிப்பை நிறுத்தினவள். பிறகு ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமையலுக்குச் சேர்ந்து ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். செஞ்சியிலிருந்து வல்லம் போகிற பஸ்ஸில் வழியில் வருகிற ஊர். பெயர் வேண்டாம்.

எனக்குப் பயம் அதிகம். அதை ஒளிக்கவில்லை. காஸ் வால்வை மூடிவிட்டுப் பஸ் ஸ்டாப் வரை போவேன், மூடினேனா என்று திரும்பி வந்து பார்ப்பேன். மூடிதான் இருக்கும். அண்டாவைத் திறந்து வைத்துவிட்டு ஒரு தடவைகூட முதுகைத் திருப்பினதில்லை. சுவரில் பல்லி இருந்தால் அது எங்கே போகிறது என்று ஒரு கண் அதன் மேலேயே இருக்கும். சோறு ஆனதும் நான்தான் முதலில் ஒரு கை சாப்பிடுவேன். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து என் வயிறு என்ன சொல்கிறது என்று கவனிப்பேன். எங்கள் அமைப்பாளர் மேடம் வாசலில் நின்றபடி, "இன்னா, உயிரோட இருக்கியா? மணி அடிக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்பார். கூட வேலை செய்த உதவியாளர் அஞ்சலை விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரிக்கட்டும். நான் சமைத்ததைச் சாப்பிட்டு ஒரு பிள்ளைக்கும் வாந்தி வந்ததில்லை. இந்த வேலையில் பயம் ஒரு கருவி. கரண்டி மாதிரி அதையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. நான் சமைக்க வந்த நாளிலிருந்தே சில வீட்டுப் பிள்ளைகள் மட்டும் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவந்தார்கள். எங்கள் தெருவிலிருந்து ஒருத்தி சமைக்கிறாள், அவ்வளவுதான் காரணம். வெளியே அப்படிச் சொல்லமாட்டார்கள். பையனுக்குச் சாம்பார் ஒத்துக்கொள்ளவில்லை, முட்டை வாடை பிடிக்கவில்லை என்பார்கள். இவளை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போடுங்கள் என்று சொல்ல அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை நான் கொடுத்துவிடக் கூடாது என்றே வருஷக்கணக்கில் வேலை பார்த்தேன். உப்பு கூடினதில்லை, நேரம் தப்பினதில்லை, ஜுரம் வந்தாலும் லீவு போட்டதில்லை. ஆனால் அந்தக் காரணம் ஒரு நாள் என் உடம்புக்குள்ளிருந்தே கிளம்பும் என்று நான் நினைக்கவில்லை.

நாற்பத்தெட்டு வயசு இருக்கும். திடீரென்று நெஞ்சிலிருந்து ஒரு அனல் கிளம்பிக் கழுத்து, காது, தலை என்று ஏறும். ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். நெஞ்சு படபடவென்று அடிக்கும். அப்புறம் அதே வேகத்தில் இறங்கி உடம்பு சில்லிட்டுப் போகும். தீட்டும் ஒழுங்காக இல்லை. ரெண்டு மாசம் வராது, வந்தால் நிற்காது. தூக்கம் போய்விட்டது. நான் அடுப்பைத்தான் குறை சொன்னேன். ரெண்டு பெரிய பர்னர், மேலே சிமெண்ட் ஷீட், வெளியே செஞ்சி வெயில். எந்தச் சமையல்காரிக்கு வேர்க்காது? அடுப்பை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன். வாரத்துக்கு ரெண்டு தரம் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். நம்மில் முக்கால்வாசிப் பேர் செய்கிற தப்பு இது. வேலை சூடான வேலை, அதனால் உடம்பில் எந்தச் சூடு வந்தாலும் வேலையின் மேலேயே போட்டுவிடுகிறோம். டாக்டர்களும் அதையே செய்கிறார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

ஒரு நாள் சாம்பார் சாதத்து அண்டாவை நானும் அஞ்சலையும் அடுப்பிலிருந்து இறக்கவேண்டும். ஆளுக்கொரு பக்கம் துணியால் பிடித்துவிட்டோம். வெளியே பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் சிலர் எட்டிப் பார்க்கிறேன் என்று வாசலுக்குள்ளேயே வந்துவிட்டார்கள். அந்த நேரத்தில் அனல் ஏறியது. கூடவே கண் இருட்டியது. அண்டா அடுப்பை விட்டு இன்னும் எழும்பவில்லை. எழும்பிய பிறகு என் கை விட்டிருந்தால் அந்தக் கொதிக்கிற சாதம் எங்கே போயிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நான் துணியை விட்டேன். "தூக்காத, கைய எடு" என்று அஞ்சலையிடம் சொன்னேன். காஸை மூடிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அஞ்சலை பிள்ளைகளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். மணி அடிக்கிற நேரம் ஆகிவிட்டது, சோறு போகவில்லை.

எச்.எம். சார் வந்தார். நான் தரையில் முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். அண்டா இறங்கவில்லையே என்றுதான் அவர் முதலில் கேட்டார். அப்புறம் மேடத்திடம் திரும்பி, இது பிள்ளைகள் சம்பந்தப்பட்ட விஷயம், நாளைக்கு ஏதாவது ஆனால் பதில் சொல்வது யார் என்றார். கடைசியில் என்னிடம் சொன்னார்: "டாக்டர்கிட்ட காட்டி, வேலை செய்யலாம்னு எழுதி வாங்கிட்டு வாம்மா. இல்லன்னா வேற ஆளுக்கு எழுதிடுவேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஜன்னலுக்கு வெளியே டிபன் பாக்ஸ் கொண்டுவருகிற பையன் ஒருத்தன் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் அம்மாவுக்கு எங்கள் ஊரில் நிலமும் மோட்டாரும் செல்வாக்கும் உண்டு. பிந்திப் பிறந்த பிள்ளை என்று அவனைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தாள். அவளுக்கு விஷயம் அன்றைக்கே போய்விட்டது. மறுநாள் பைப்படியில், சமைக்கிறவளுக்கே வலிப்பாம் என்று அவள் சொன்னதாக அஞ்சலை வந்து சொன்னாள். மயக்கம் ஒரே ராத்திரியில் வலிப்பாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் கொத்தனார். அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு என்னோடு அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தார். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், எங்கே போனாலும் இதே கதைதான். டாக்டரம்மாவுக்கு ஒரு மேஜை. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் நிற்பார்கள். ஒருத்தர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் கையை நீட்டுவார். எல்லார் வியாதியும் எல்லார் காதிலும் விழும். அதனால் நம் பெண்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிற வார்த்தை ஒன்று உண்டு. அசதி. தீட்டு பத்து நாளாக நிற்கவில்லையா, அசதி. இருமினால் மூத்திரம் கசிகிறதா, அசதி. புருஷனோடு படுக்க முடியாமல் எரிகிறதா, அதுவும் அசதி. அசதிக்கு ஒரு ஊசியும் ஒரு சத்து மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நானும் என்ன பண்ணுது என்று கேட்டதற்கு அசதி, மயக்கம், வேர்வை என்றேன்.

டாக்டரம்மா என்னைப் பார்க்கவில்லை. என் பின்னால் நின்றவரைப் பார்த்து, "என்ன வேலை செய்றாங்க?" என்றார்.

"சத்துணவுல சமையல் டாக்டர். இவ எப்பவுமே இப்படித்தான். எல்லாத்துக்கும் பயப்படுவா. காஸ மூடிட்டு மூணு வாட்டி போய்ப் பாப்பா."

மேஜையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டாக்டரம்மாவும் லேசாகச் சிரித்தார். அடுப்புக்கிட்ட நின்னா வேர்க்கத்தான் செய்யும், நிறையத் தண்ணி குடிக்கணும், டென்ஷன் ஆகக்கூடாது என்று சொல்லிக்கொண்டே மாத்திரை எழுதினார். வேலை செய்யலாம் என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். பத்து நாள் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வா, பார்க்கலாம் என்றார். நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்த சூடுகூட அதில் ஏறியிருக்காது.

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார். ஆனால் என் உடம்பைப் பற்றி அவர் சொன்னதே மருந்துச் சீட்டாகிவிட்டது. பயந்தவள் என்று பெயர் எடுத்தவளுக்கு நிஜமாக ஒன்று வந்தால் அதுவும் பயக்கணக்கில் போய்விடுமா? அன்றைக்கு எனக்கு இதைக் கேட்க வாய் வரவில்லை. பஸ்ஸில் வரும்போது வந்தது, அப்போது கேட்க டாக்டரம்மா இல்லை.

அந்த மாத்திரை தூக்கத்துக்கானது. ராத்திரி தூங்கினேன், காலையிலும் தூக்கம் விடவில்லை. மருந்து சாப்பிடுகிறேன் என்று நான் சொன்னதால் எச்.எம். சார் சமைக்க விட்டிருந்தார், அண்டாவை மட்டும் மேடமும் அஞ்சலையும் இறக்கினார்கள். நாலாம் நாள், தாளித்துக் கொட்டிவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டிருந்தேன். அஞ்சலை தண்ணீர் எடுத்துவிட்டு வந்தவள் அப்படியே நின்றாள். அண்டா திறந்து கிடக்கிறது. நேர் மேலே சுவரில் பல்லி.

"யக்கா, மூடாம நிக்கிற நீயா?"

ஓடிப்போய் மூடினாள். பல்லி விழவில்லை. ஆனால் அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக எனக்குப் பயம் வரவில்லை என்பதுதான் என்னை உலுக்கியது. அனலை நிறுத்தாமல் என் கருவியைப் பிடுங்கிக்கொண்டது அந்த மாத்திரை. அன்றைக்கே அதை நிறுத்தினேன். நீங்கள் அப்படி நிறுத்தாதீர்கள், சில மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தக் கூடாதாம், போய்க் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். எனக்கு அப்போது கேட்கிற அளவுக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லை.

அடுத்த வாரம் என் வீட்டுக்காரர் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஏசி ரூம், தனி நாற்காலி. ஸ்கேன் பார்த்தார்கள். பெரியவரான டாக்டர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு எத்தனை பிள்ளைகள் என்றார். மூணு என்றார் என் வீட்டுக்காரர். குடும்பக்கட்டுப்பாடு பண்ணியாச்சா என்றார். பண்ணியாச்சு என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்ப கர்ப்பப்பைய எடுத்துடலாம். இனிமே அது எதுக்கு? தொல்லை விட்டுது."

வீட்டில் கால் உடைந்த கட்டிலை எடுத்துக் கொல்லையில் போடச் சொல்வது போலச் சொன்னார். அதில் ஏதாவது கட்டியா, புண்ணா என்று கேட்டேன். அப்படி ஒன்றும் இல்லை, இருந்தாலும் வயசாகிவிட்டதே என்றார். எத்தனை நாளில் அண்டா தூக்கலாம் என்று கேட்டேன். மூணு மாசத்துக்குக் கனமே தூக்கக் கூடாது என்றார். மூணு மாசம் தூக்காத சமையல்காரிக்கு எந்தப் பள்ளிக்கூடம் இடம் வைத்திருக்கும்? என் வீட்டுக்காரர் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

ஆபரேஷனே தப்பு என்று நான் சொல்லவில்லை. வேண்டியவர்களுக்கு அது வேண்டும், உயிரைக் காப்பாற்றும். ஒன்றும் இல்லை என்று சொன்ன அதே வாய் எடுத்துவிடலாம் என்றதே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எங்கள் தெருவில் நாற்பது ஆவதற்கு முன்னாலேயே எடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஏன் எடுத்தார்கள் என்று கேட்டால் டாக்டர் சொன்னார் என்பார்கள். என்ன சொன்னார் என்று கேட்டால் பதில் இருக்காது.

அப்புறம் மழை பிடித்தது. ஐப்பசிக் கடைசி. காலையிலேயே பள்ளிக்கூடம் லீவு என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் எல்லாரும் போர்த்திக்கொண்டு கிடந்தார்கள். கரண்ட் இல்லை, ஈரக்காற்று, ஜன்னல் வழியாகச் சாரல். வீட்டு அடுப்பைக்கூட நான் பற்றவைக்கவில்லை. சும்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அப்போது அந்த அனல் வந்தது. நெஞ்சிலிருந்து கிளம்பி, கழுத்து, காது, தலை. குளிரில் எல்லாரும் நடுங்க, எனக்கு மட்டும் ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

இத்தனை நாளாக அடுப்பு, அடுப்பு என்று சொன்னோமே, இன்றைக்கு எந்த அடுப்பு எரிகிறது?

யாரிடமும் சொல்லவில்லை. குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பழைய அரசு ஆஸ்பத்திரிக்கே, அதே டாக்டரம்மாவிடமே போனேன். மழையென்று கூட்டம் குறையவில்லை, எப்போதும் போல மேஜையைச் சுற்றி ஆள். அதில் ஒருத்தி, எங்கள் ஊர் டிபன் பாக்ஸ் பையனின் அம்மா. மூட்டு வலி என்று வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் தலைமுதல் கால்வரை பார்த்தாள். வலிப்பு இன்றைக்கு உறுதியாகிவிடும் என்று நினைத்திருப்பாள்.

என் முறை வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தேன். டாக்டரம்மா பழைய சீட்டைப் பார்த்தபடியே, "சொல்லும்மா, அசதி எப்படி இருக்கு?" என்றார்.

படித்தவர்கள் முன்னால் வாயைத் திறக்க எனக்கு எப்போதும் பயம். மறுபடி அசதி என்று சொல்லிவிட்டால் எழுந்து போய்விடலாம். ஆனால் அதே வேகத்தில் என் வேலையும் போய்விடும்.

"இவங்க எல்லாரும் வெளிய போனாத்தான் சொல்லுவேன் டாக்டர்."

வாசலில் நின்ற நர்சம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆளுக்கு ஆள் இப்படிக் கேட்டால் நாங்கள் எப்போது சாப்பிடப் போவது என்றார். டாக்டரம்மா, இங்கே எல்லாரும் பேஷண்ட்தான், கூச்சப்படாமல் சொல்லு என்றார்.

"கூச்சம் இல்ல டாக்டர். நான் ஊர்ப் பிள்ளைங்களுக்குச் சமைக்கறவ. இங்க நான் சொல்ற வார்த்தை எனக்கு முன்னாடியே பஸ் ஏறி ஊருக்குப் போயிடும். அதுக்கப்புறம் எனக்கு அங்க வேலை இல்ல."

யாரும் வெளியே போகவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு நான் செய்த ஒரே காரியம் அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்காமல் இருந்ததுதான். டாக்டரம்மா முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் எல்லாரையும் வெளியே நிற்கச் சொல்லி நர்சம்மாவிடம் சொன்னார். கதவைச் சாத்தினார்கள்.

எல்லாவற்றையும் சொன்னேன். தீட்டு தள்ளிப்போவது, வந்தால் ரத்தம் கட்டுக்கடங்காமல் போவது, தூக்கம், படபடப்பு, கண் இருட்டியது, அண்டா. டாக்டரம்மா பழைய சீட்டைக் காட்டி, டென்ஷனுக்கு மாத்திரை கொடுத்திருக்கே, அடுப்புச் சூடும் இருக்குமே என்று ஆரம்பித்தார்.

"இன்னிக்கு ஸ்கூல் லீவு. அடுப்பே எரியல. குளுருல உக்காந்திருந்தேன், அப்பவும் வந்துது."

"அன்னைக்கு உங்க வீட்டுக்காரர் டென்ஷன்னுதானே சொன்னார்?"

"உடம்பு என்னுது டாக்டர். நீங்க கேட்டது அவர."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். முகம் மாறியது. கோபமா, வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை, அதைப் பற்றி யோசிக்கிற நிலையிலும் நான் இல்லை. அப்புறம் கேட்க ஆரம்பித்தார். கடைசியாக எப்போது வந்தது? எத்தனை துணி மாற்றுகிறாய்? அனல் எவ்வளவு நேரம் நிற்கிறது? காலையில் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறாயா? கண் இமையை இறக்கிப் பார்த்தார், வெளுத்திருக்கிறது என்றார். பிரஷர் பார்த்தார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்.

இங்கேதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. மேஜையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தபோதுகூட இவ்வளவு கோபம் வரவில்லை. அந்தக் கேள்விகளில் ஒன்றுகூடக் கஷ்டமான கேள்வி இல்லை. எல்லாவற்றையும் கேட்டு நான் பதில் சொல்லி முடிக்க ஓர் உலை கொதிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானா? இதைக் கேட்காமல்தானா இவர் தூங்க மாத்திரை கொடுத்தார், இன்னொருவர் வயிற்றைக் கிழிக்கலாம் என்றார்? எனக்கு அழுகை வந்தது. அதையும் டென்ஷன் என்று எழுதிவிடுவார்களோ என்று அடக்கிக்கொண்டேன்.

சற்று நேரத்தில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டரம்மா விளக்கிச் சொன்னார். மாதவிலக்கு நிற்கிற காலம் இது, எல்லாப் பெண்ணுக்கும் வரும், சிலருக்கு லேசாகப் போகும், சிலரை இப்படி ஆட்டிவைக்கும். அனலும் படபடப்பும் தூக்கமின்மையும் அதனுடையது. கண் இருட்டியதற்கு ரத்தம் நிறையப் போய் உடம்பில் ரத்தம் குறைந்ததும் வெறும் வயிற்றோடு அடுப்படியில் நின்றதும் காரணம். இரும்புச் சத்து மாத்திரையும், ரத்தப்போக்கு மட்டுப்பட ஒரு மாத்திரையும் எழுதினார். அனலே தாங்க முடியாமல் போனால் அதற்கும் மருந்து உண்டு, வந்து கேள் என்றார். ஒன்றை மட்டும் ரெண்டு தடவை சொன்னார்: தீட்டு ஒரேயடியாக நின்று ஒரு வருஷம் ஆன பிறகு மறுபடி ரத்தம் பட்டால், ஒரு சொட்டாக இருந்தாலும் உடனே வந்துவிடவேண்டும், அதை அசதி என்று சொல்லக் கூடாது. இதை நீங்களும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மாமார்களுக்கும் சொல்லுங்கள்.

"வேலை செய்யலாமா டாக்டர்?"

"தாராளமா செய்யலாம். வெயிட்ட ஒத்த ஆளா தூக்காத. அனல் வந்தா கொஞ்சம் உக்காரு."

"அதையும் எழுதிக் குடுங்க."

எழுதினார். கிளம்பும்போது, போன தடவையே நீ சொல்லியிருக்கலாமேம்மா என்றார். அவர் நல்லவர்தான், வேலைச் சுமை அதிகம், மேஜையைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் அந்தக் கடைசி வார்த்தையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. யாரிடம் சொல்லியிருக்கலாம்? எந்த நேரத்தில்? எத்தனை பேர் காதில் விழ?

பஸ் ஸ்டாப்பில் கூரைக்கடியில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அந்த டிபன் பாக்ஸ் அம்மாவும் வந்து நின்றாள். மூட்டு வலிக்கு எண்ணெய் பாட்டிலும் மாத்திரையும் கையில் இருந்தது. அவள் என்னை எப்போது கூப்பிட்டாலும் "ஏ" என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கு, "ஏம்மா" என்றாள்.

நான் திரும்பினேன்.

"கதவச் சாத்திக்கினு இன்னா சொன்ன?"

ஊருக்குக் கொண்டுபோகத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். வலிப்பு இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கிட்டே வந்து குரலை இறக்கினாள்.

"எனக்கு மூட்டு வலி மட்டும் இல்ல. ராவெல்லாம் நெருப்பாட்டம் கொதிக்குது. நாலு மாசமா. எங்க வீட்ல காத்து கருப்புன்னு கயிறு கட்டிவுட்டாங்க." முந்தானையை விலக்கிக் கையைக் காட்டினாள். கறுப்புக் கயிறு இருந்தது.

எனக்கு அவள் மேல் எவ்வளவு ஆத்திரம் இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல முடியாது. நான் தொட்ட சோறு அவள் பிள்ளைக்கு ஆகாது. எனக்கு வலிப்பு என்று ஊருக்குச் சொன்னதும் அவள்தான். இப்போது அவளுக்கு என் பதில் மட்டும் வேண்டும். சொல்லாமல் பஸ் ஏறியிருக்கலாம். ஏறத்தான் நினைத்தேன். ஆனால் மறுபடி மறுபடி அந்த மேஜைதான் கண்ணில் வந்தது. நிலம் இருக்கிறவளும் அங்கே மூட்டு வலி என்றுதான் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

"திரும்ப உள்ள போங்க. எல்லாரையும் வெளிய அனுப்பச் சொல்லுங்க. அனுப்பற வரைக்கும் ஸ்டூல வுட்டு எழுந்திருக்காதீங்க. வீட்டுக்காரர கூட்டினு போவாதீங்க."

"அனுப்புவாங்களா?"

"என்ன அனுப்புனாங்க இல்ல?"

அவள் எண்ணெய் பாட்டிலைப் பார்த்தாள், ஆஸ்பத்திரியைப் பார்த்தாள். என் பஸ் வந்துவிட்டது. ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தபோது அவள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மழைத் தண்ணீரில் ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

மழை விட்டுப் பள்ளிக்கூடம் திறந்த அன்று அவள் பையன் டிபன் பாக்ஸோடுதான் வந்தான். அப்புறமும், அவன் பள்ளி முடிக்கும் வரைக்கும், அதே டிபன் பாக்ஸ்தான். ஆனால் வலிப்பு என்ற பேச்சு அதன்பிறகு ஊரில் யார் வாயிலும் வரவில்லை. எனக்கு அது போதும் என்று சொல்லமாட்டேன். போதாது. இருந்தாலும் அதோடு வேலை பார்த்தேன்.

எச்.எம். சாரிடம் சீட்டைக் கொடுத்தேன். படித்தார். மாதவிலக்கு என்று எழுதியிருந்த இடத்துக்கு வந்ததும் காது சிவந்துவிட்டது. மடித்துச் சட்டைப் பைக்குள் அவசரமாக வைத்துக்கொண்டு, சரி, சரி, போய் வேலையைப் பாரும்மா என்றார். என்னவென்று கேட்கவில்லை. ஆறாம் வகுப்பு ரூமிலிருந்து ஒரு பழைய ஸ்டூலை நானே தூக்கிக்கொண்டுபோய் அடுப்பிலிருந்து நாலடி தள்ளிப் போட்டேன்.

அன்றைக்கு அண்டா இறக்குகிற நேரத்துக்கு மறுபடி அனல் வந்தது. நான் துணியை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். எச்.எம். சார் சோறு ஆயிற்றா என்று பார்க்க வாசலில் வந்து நின்றிருந்தார். அஞ்சலை பதறினாள்.

"இன்னாக்கா, மறுபடியுமா?"

முன்பென்றால் அசதி என்றிருப்பேன்.

"மாதவிலக்கு நிக்கிற நேரம்டி. அனல் வருது, அவ்ளோதான். ரெண்டு நிமிஷத்துல போயிடும். நீ அண்டாவத் தொடாத, சேந்து இறக்கலாம்."

வாசலில் நின்ற எச்.எம். சார் யாரோ கூப்பிட்டது போலத் திரும்பி விறுவிறுவென்று நடந்துவிட்டார். அஞ்சலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். ஆளுக்கொரு பக்கம் பிடித்து அண்டாவை இறக்கினோம். மூடியைத் திறந்து ஒரு கை எடுத்துச் சாப்பிட்டேன். உட்கார்ந்து என் வயிற்றைக் கவனித்தேன். அப்புறம், மணி அடிக்கலாம் என்று சொன்னேன்.